மாதம்மாளின் சனிக்கிழமைக் கூண்டு

ஓசூர் நீதிமன்ற வராண்டாவில், ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கைக் கூப்பிடுவார்கள் என்று காத்து நின்றேன். எதிர்த் தூணருகே மூன்று ஜூனியர்கள் ஒரே செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்தாள். என்னம்மா என்று கேட்டேன். "அக்கா போயிட்டாங்க மேடம்" என்றாள். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை கறுப்புக் கோட்டுப் போட்ட இளம் பிள்ளைகளுக்கு அக்கா என்றால் வழக்கறிஞர் மாதம்மாள் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் சார் அல்லது மேடம். நான் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து மேடம்.

மதியத்துக்குள் அத்தனை ஜூனியர்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் அவள் படம் வந்துவிட்டது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அழுகை வரவில்லை. நான் போனால் இதில் எத்தனை பேர் என் படத்தை வைப்பார்கள் என்று விரல்விட்டு எண்ணினேன். ஒரு கையே போதுமானதாக இருந்தது. நினைவு மலருக்கு எழுதித் தாருங்கள், ஆரம்பத்திலிருந்து அவருடன் இருந்தவர் நீங்கள்தானே என்று சங்கத்தார் வந்து கேட்டபோது நான் முதலில் மறுத்ததற்கு இதுதான் காரணம். இறந்துபோனவள்மேல் இன்னும் வயிறெரிகிற ஒருத்தி என்ன அஞ்சலி எழுத முடியும்? பிறகு ஒப்புக்கொண்டேன். அவளை அறிந்த உங்களிடம் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்ல இதைவிட வேறு இடம் எனக்குக் கிடைக்காது.

நாங்கள் இருவரும் கிருஷ்ணகிரியில் ஒரே சீனியரிடம் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். என் அத்தா பழையபேட்டையில் பெயிண்டுக் கடை வைத்திருந்தார். மேசை, நாற்காலி, ஒரு கண்ணாடி அலமாரி நிறையச் சட்டப் புத்தகம் எல்லாம் வாங்கிக் கொடுத்துத்தான் என்னை அனுப்பினார். மாதம்மாளின் அம்மா பாரூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போகிறவர். மாதம்மாள் முதல் பஸ்ஸில் வருவாள். இருந்தது ஒரே கோட்டு. அதன் தோள் தையல் விட்டுப் போய் கையால் தைத்திருப்பாள். பாவம் என்று என் புத்தகங்களை அவளுக்குக் கொடுத்தேன். பாவம் பார்ப்பது எனக்குச் சுகமாகவும் இருந்தது. ஆறு மாதம் போவதற்குள், கட்சிக்காரர் யாராவது அழ ஆரம்பித்தால் சீனியர், "அந்த மாதம்மாளக் கூப்புடு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து தெலுங்கு பேசிக்கொண்டு வருகிறவர்கள், ஆனேக்கல் எல்லையிலிருந்து கன்னடம் பேசிக்கொண்டு வருகிறவர்கள், எல்லாரும் நேரே அவள் பக்கத்தில்தான் போய் உட்காருவார்கள். எனக்கும் மூன்று மொழியும் வரும். என் கன்னடம் அவளுடையதைவிடச் சுத்தமாகவே இருக்கும். ஆனாலும் என்னிடம் யாரும் வந்து அழுததில்லை.

பிறகு இருவரும் ஓசூருக்கு மாறினோம். நான் விபத்து வழக்கு, சொத்து வழக்கு, கொஞ்ச காலம் கழித்துக் குற்றவியல் வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பு என்று வளர்ந்தேன். மாதம்மாள் ஒரே வகை வழக்கை எடுத்தாள். விடுதியிலும், கம்பெனி வேனிலும், சொந்த வீட்டிலும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் நடந்த கொடுமைகள். அந்த வழக்குகளைப் பற்றி நீங்கள் எல்லாம் எழுதுவீர்கள். நான் ஒரு பஸ் பயணத்தை மட்டும் சொல்கிறேன். நாட்றாம்பாளையத்துக்கு ஒரு பெண்ணைப் பார்க்கப் போனபோது துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். மலைப்பாதை தொடங்கும் முன்பே கோட்டைக் கழற்றிக் கட்டைப்பைக்குள் மடித்து வைத்தாள். என்னையும் கழற்றச் சொன்னாள்.

"என்னாத்துக்கு? அவள நம்ம ஆபீசுக்கு வரச்சொல்லியிருந்தா இந்த வாந்தி மயக்கமெல்லாம் எனக்கு மிச்சம்" என்றேன்.

"அவ வக்கீல் ஆபீசுக்குன்னு பஸ் ஏறுனா ஊரே பாக்கும்டி. நாம எறங்குனா மகளிர் குழு மேடம்னு நெனச்சிக்கிட்டு போயிடுவாங்க. நடந்தது அவளுக்கு. அலைச்சலாவது நமக்கு இருக்கட்டும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவளுடைய ஜூனியர்கள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். முதலில் அது என்னிடம் சொல்லப்பட்டது என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

நந்தினி விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் வந்த ஜூனியர்களில் அவள்தான் கெட்டிக்காரி. எந்த வழக்கு எந்தத் தேதிக்கு வாய்தா போட்டிருக்கிறது என்று வழக்குக் கட்டைப் பிரிக்காமலே சொல்வாள். அப்படிப்பட்டவளுக்குத் திடீரென்று சனிக்கிழமை மத்தியானமானால் தலைவலி வர ஆரம்பித்தது. நான்கு சனிக்கிழமை தொடர்ந்து வந்த பிறகு விசாரித்தேன். பாகலூர் ரோட்டில் ஒரு டயர்க் கடைக்கு மேலே இருந்த மாதம்மாளின் அலுவலகத்துக்குப் போகிறாள் என்று தெரிந்தது. அங்கே சனிக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் போகலாம், எந்த சீனியரின் ஜூனியராக இருந்தாலும் போகலாம், வகுப்பு நடக்கிறது என்றார்கள். எனக்குக் காதில் புகை வந்தது. அடுத்த சனிக்கிழமை கையும் களவுமாகப் பிடிப்பதற்காகப் படியேறினேன்.

கதவு பாதி திறந்திருந்தது. நான் மேல்படியிலேயே நின்றுவிட்டேன். அறை நடுவில் ஒரு சாட்சிக் கூண்டு இருந்தது. பழைய நீதிமன்றக் கட்டடத்தில் கழித்துப் போட்ட மரச் சாமான்களை ஏலம் விட்டபோது மாதம்மாள் எடுத்தது. அதில் நந்தினி கோட்டும் கழுத்துப் பட்டையுமாக நின்றுகொண்டிருந்தாள். மாதம்மாளின் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வயதிருக்கும். கம்பெனி அடையாள அட்டையின் கயிறு கழுத்தில் தெரிந்தது. அவள் பெயரையும் ஊரையும் நான் சொல்லக் கூடாது, சொல்லப் போவதும் இல்லை. அவள் வழக்கை மாதம்மாள் நடத்திக்கொண்டிருந்தாள் என்பது போதும். கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவள் அந்தப் பெண்தான்.

"நேத்து மத்தியானம் இன்னா சாப்டீங்க, வக்கீலம்மா?"

"லெமன் சாதம்" என்றாள் நந்தினி.

"யாரு கூட இருந்தாங்க?"

"யாருமில்ல, தனியாத்தான் சாப்ட்டேன்."

"லெமன் சாதம் நீங்களே செஞ்சீங்களா?"

"இல்ல, ரூம்ல கூட இருக்கிற பொண்ணு... அவ குடுத்தா. அவளும் சாப்ட்டா."

"தனியான்னு சொன்னீங்க. அப்ப அது பொய்யா?"

நந்தினி வாயைத் திறந்து திறந்து மூடினாள். சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஐந்தாறு ஜூனியர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள், கூண்டில் நின்ற நந்தினியும் சிரித்துவிட்டாள். மாதம்மாள் அவர்களோடு பெஞ்சில் இருந்தாள். "பாத்தியா" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். "சட்டம் படிச்சவ. நேத்து சாப்ட சாப்பாட்டுலயே தடுமாறுறா. இவ பொய் சொல்றாளா?"

"இல்லக்கா. பயத்துல மாத்தி சொல்லிட்டாங்க."

"அவ்ளோதான் விஷயம்." பிறகு நந்தினியைப் பார்த்து, "நீ எறங்குனதும் மொத வேலையா எழுதி வை. கூண்டுல நிக்கறப்ப உன் கை என்னா பண்ணுச்சு, தொண்ட என்னா பண்ணுச்சுன்னு. நாளைக்கு நீ ஒருத்திய குறுக்கு விசாரண பண்றப்ப உனக்கு அது வேணும்" என்றாள்.

அங்கே இருந்த கறாரான வழக்கத்தைப் பின்னால் தெரிந்துகொண்டேன். பாதிக்கப்பட்டவர்கள் அந்தக் கூண்டில் ஏறவே கூடாது. அவர்கள் கேட்பார்கள், வக்கீல்கள் ஏறி நின்று பதில் சொல்வார்கள். சாப்பாடு, பஸ், படிக்கட்டு, மழை, இவற்றைப் பற்றித்தான் கேள்வி. நடக்கிற வழக்கைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசினால் வகுப்பு அத்தோடு முடிந்தது. தடுமாறுகிறவர்கள் எல்லாம் பொய்யர்கள் இல்லை என்பதைக் கேட்கிறவளும் கற்றுக்கொள்வாள், நிற்கிறவளும் கற்றுக்கொள்வாள். அத்தனை புத்தகமும் அலமாரியும் வைத்திருந்த எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று படியில் நின்றபடி எரிச்சலாக இருந்தது. நந்தினி சிரித்ததும் தாங்கவில்லை. என் அலுவலகத்தில் அவள் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை. சத்தமில்லாமல் இறங்கி வந்துவிட்டேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து, ஒரு பெண்கள் விடுதியை நடத்திவந்தவரின் தம்பி என் அலுவலகத்துக்கு வந்தார். அண்ணன் மேல் வழக்கு, அவர் தரப்பில் ஆஜராக வேண்டும் என்றார். முதல் தகவல் அறிக்கையில் வயதையும் கம்பெனியையும் படித்ததுமே அது அன்று கேள்வி கேட்ட பெண்ணின் வழக்கு என்று தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். எதிரில் யார் என்று கேட்டேன். அரசு வழக்கறிஞருக்கு உதவியாகப் பெண் தரப்பில் மாதம்மாள் என்றார். வழக்குக் கட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் வக்கீல் வேண்டும், அது சட்டம், அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் நான் அந்த வழக்கை எடுத்தது சட்டத்துக்காக இல்லை. ஒரு தடவையாவது அவளை ஜெயிக்க வேண்டும் என்று எடுத்தேன்.

கிருஷ்ணகிரி மகளிர் நீதிமன்றத்தில் கதவை அடைத்து விசாரணை நடந்தது. அந்தப் பெண் சொன்னதைத் தவிர வழக்கில் பெரிய சாட்சியம் கிடையாது. இரண்டு மணி நேரம் கேட்டேன். நேரத்தில் ஒரு இடத்தில் தடுமாறினாள், கதவு விஷயத்தில் ஒரு இடத்தில் தடுமாறினாள், ஆனால் உடையவில்லை. அப்போதுதான் நான் அந்தக் கேள்விகளைக் கேட்டேன். எழுதி வைத்த பட்டியலில் அவை இல்லை.

"சனிக்கிழமைகளில் பாகலூர் ரோட்டில் வழக்கறிஞர் மாதம்மாளின் அலுவலகத்துக்குப் போவீர்களா?"

"ஆமாங்க."

"அங்கே இதே மாதிரி ஒரு கூண்டு இருக்கிறதா?"

"இருக்குதுங்க."

"குறுக்கு விசாரணை எப்படி இருக்கும் என்று அங்கே பழக்குவார்களா?"

"ஆமாங்க. அங்க..."

"போதும். வேறு கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் இருந்த நந்தினி என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "மேடம், அங்க அது மாதிரி இல்ல. அந்தப் பொண்ணு கூண்டுல ஏறவே இல்ல. நாங்கதான்..." என்று கிசுகிசுத்தாள்.

"உனக்கு யாரு கட்சிக்காரர்னு ஞாபகம் இருக்கா?" என்றேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். நான் அதைக் கண்ணால் பார்த்தவள் என்பது அவளுக்குத் தெரியாது.

எதிர்ப்பக்கத்தில் மாதம்மாள் ஒரு துண்டுச்சீட்டில் ஏதோ எழுதி அரசு வழக்கறிஞரிடம் நீட்டினாள். அவர் அந்த வாரம்தான் அந்த வழக்குக்கு வந்தவர், அன்றைக்கே அவருக்கு இன்னும் மூன்று வழக்கு இருந்தது. சீட்டை மேசையில் வைத்துவிட்டு, சாட்சியிடம் திரும்பக் கேட்க எதுவும் இல்லை என்றார். அங்கே என்ன பழக்கினார்கள் என்று அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் என் வேலை அத்தனையும் வீணாகியிருக்கும். அவருக்கு உதவியாக மட்டும் வந்த மாதம்மாள் தானாக எழுந்து கேட்க முடியாது. வாதத்தின்போது நான், "இந்தச் சாட்சி கற்பிக்கப்பட்ட சாட்சி" என்றேன். யாரால் என்று சொல்லாமல் மாதம்மாளைத் திரும்பிப் பார்த்தேன். தீர்ப்பில் அந்த வரி அப்படியே வந்தது. சந்தேகத்தின் பலன் என் கட்சிக்காரருக்குக் கிடைத்தது.

தீர்ப்பு நாளன்று ஓசூர் பஸ்ஸில் ஏறினால் அவள் உள்ளே இருக்கிறாள். பக்கத்து இருக்கை மட்டும்தான் காலி. உட்கார்ந்தேன். கேட்கட்டும், பதில் வைத்திருக்கிறேன் என்று இருந்தேன். குருபரப்பள்ளியில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாக வெள்ளரிப் பிஞ்சு வாங்கினாள். காரம் தடவியதில் பாதியை என்னிடம் நீட்டினாள். "சக்கரை மாத்திரை போட்டியா? காலைலேருந்து நின்னுக்கினே இருந்த" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். சண்டை போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். அந்தப் பாதி வெள்ளரிக்காயை ஓசூர் வரைக்கும் கையில் வைத்துக்கொண்டு வந்தேன். அதற்காகவும் அவள்மேல் ஆத்திரப்பட்டேன்.

அடுத்த வாரம் நந்தினி சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். மாதம்மாள் என் ஜூனியரைக் கலைத்துவிட்டாள் என்று நான் பலரிடம் சொன்னேன். உங்களில் சிலரிடமும் சொல்லியிருக்கிறேன். அது உண்மையில்லை. நந்தினி ஜூனியராகச் சேர வேண்டுமென்று முதலில் அவளிடம் போய் நின்றபோது, "உங்க மேடத்துகிட்ட சொல்லிட்டு வந்தியா? சொல்லாம வந்திருந்தா திரும்பிப் போ" என்று அனுப்பியிருக்கிறாள். இதை நந்தினியே பிறகு ஒருநாள் நீதிமன்றக் கேன்டீனில் வைத்துச் சொன்னாள். அவள் என்னிடம் திரும்பி வராமல் இரண்டு மாதம் சும்மா இருந்த பிறகுதான் அங்கே சேர்ந்தாள். இன்றைக்கு நந்தினி தனியாக அலுவலகம் போட்டிருக்கிறாள். சனிக்கிழமைகளில் அவளும் ஒரு கூண்டு வைத்திருக்கிறாள்.

மாதம்மாளுக்கு உடம்பு முடியாமல் போனது உங்களுக்குத் தெரியும். மருத்துவமனைக்கு நான் ஒரே ஒரு முறை போனேன். எப்போதும் ஜூனியர்கள் வரிசை கட்டி நிற்கிறார்கள் என்று கேள்விப்பட்டதால் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். அப்போதும் ஒருத்தி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவளை வெளியே அனுப்பிவிட்டு மாதம்மாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். குரல் சுத்தமாக இறங்கியிருந்தது.

"அன்னிக்கு நீ படியில நின்னத பாத்தன்டி" என்றாள்.

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. "பாத்தியா? அப்ப ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லல?" என்றேன்.

"சொல்லி? நீ பொய் சொன்னன்னு நான் ஊரக் கூட்டணுமா? அப்பீல் போட்டிருக்கறேன், அது பாத்துக்கும்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீ உள்ள வந்திருக்கலாம் இல்ல, ஜமீலா. உன்ன மாதிரி குறுக்கு விசாரண பண்ண எனக்கு வராது. எம் புள்ளைங்களுக்கு நீ சொல்லிக் குடுத்திருக்கலாம்."

வாழ்நாள் முழுக்க அவளிடமிருந்து நான் கேட்க விரும்பிய வார்த்தை அதுதான். ஒரு விஷயத்திலாவது நான் அவளைவிடப் பெரியவள் என்று அவள் வாயால் கேட்க வேண்டும். கேட்டேன். சந்தோஷம் வரவில்லை. பக்கத்தில் இருந்த ஆரஞ்சுச் சுளையை எடுத்து அவளுக்குக் கொடுத்தேன், வேண்டாமென்று தலையாட்டினாள்.

பாரூரில் அடக்கம். ஏரிக்கரையிலிருந்து ஊர் வரைக்கும் கார்களும் பைக்குகளும் நின்றன. கம்பெனிச் சீருடையோடு ஷிப்டிலிருந்து நேரே வந்த பெண்கள் கூட்டமாக ஓரத்தில் நின்றார்கள். மாலை போட்டுவிட்டுத் திரும்பும்போது அதில் ஒருத்தி விலகி என்னருகே வந்தாள். இப்போது அவளுக்கு இருபத்து நான்கோ ஐந்தோ இருக்கும். எனக்கு முகம் மறக்கவில்லை. அவளுக்கும் மறந்திருக்காது.

"நல்லா இருக்கீங்களா மேடம்?" என்றாள்.

தலையாட்டினேன். மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசிப்பதற்குள் அவளே பேசினாள். கோபமாகப் பேசவில்லை. பல நாள் யோசித்து வைத்திருந்ததைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"அக்கா ஆபீசுல கூண்டு இருக்கான்னு கேட்டீங்க. பழக்குவாங்களான்னு கேட்டீங்க. யாரு கூண்டுல நிப்பாங்கன்னு கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேங்க. ஏன் மேடம் அத கேக்காம வுட்டுட்டீங்க?"

அதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

மாதம்மாளிடமிருந்து ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவள் பொறுமை, அவள் தைரியம், அவள் அன்பு என்று இந்த மலர் முழுக்க எழுதியிருப்பீர்கள். அவையெல்லாம் உங்களுக்கே இருக்கட்டும், எனக்கு ஒத்துவராது. அவள்மேல் எனக்கிருந்த பொறாமையும் இன்னும் அப்படியே இருக்கிறது. நான் வைத்துக்கொள்வது, நான் கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்வியைத்தான். அப்பீல் சென்னையில் நிலுவையில் இருக்கிறது. விசாரணையில் என் பக்கம் உட்கார்ந்திருந்ததால் நந்தினி அதில் ஆஜராக முடியாது, மாதம்மாளின் இன்னொரு ஜூனியர் நடத்துகிறாள். என் கட்சிக்காரர் என்னிடம் சொன்ன ஒரு வார்த்தையையும் நான் இங்கே எழுதவில்லை. நான் எழுதியது அவருடைய தம்பி என்னைத் தேடி வருவதற்கு ஒரு மாதம் முன்பு நானே பார்த்தது. இதை எழுதியதற்காக என்மேல் நடவடிக்கை எடுக்க விரும்புகிறவர்கள் எடுக்கலாம், அந்த ஜூனியர் கூப்பிட்டால் எந்த நீதிமன்றத்திலும் வந்து நிற்பேன். அந்தக் கேள்வியை நானே கேட்டு நானே பதில் சொல்கிறேன். அந்தக் கூண்டில் நின்று பதில் சொன்னது வக்கீல்கள். அந்தப் பெண்ணுக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. அவள் சொன்னது பொய்யில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.